டோக்கன் போட்ட கிளுவை

பிரதமர் அம்மாவைச் சுட்டுவிட்டார்கள் என்று மில்லில் பாதி ஷிப்டில் சங்கு ஊதி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிய வருஷம் அது. எண்ணாகச் சொல்ல எனக்கு வராது. நெல்லித்தோப்பில் எங்கள் தெருவுக்கு முதல் டிவி வந்த வருஷம் என்றும் சொல்லலாம். தென்னை உயரத்துக்குக் கம்பி நட்டு, பாதி படமும் பாதி புள்ளியுமாக அந்த அம்மாவின் சிதை எரிவதைத் தெருவே கூடிப் பார்த்தது. என் பெரியவனுக்கு அப்போதுதான் முதல் பல் முளைத்திருந்தது. ஐப்பசி மழை கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்ந்திருந்தது. மில் கதவில் கருப்புத் துணி கட்டி, அடுத்த திங்கள்கிழமை வரை வேலை இல்லை என்றார்கள்.

அந்த வருஷம் இன்று காலையில் பெரிய மார்க்கெட்டில் ஒரு சாக்குக்குள் இருந்தது, மச்சான்.

பூக்காரர்கள் உட்காரும் பக்கம் ஒரு அம்மா தாமரை மொட்டு விற்றுக்கொண்டிருந்தாள். தண்டோடு பறித்து ஈரச் சாக்கில் சுருட்டி வைத்திருந்தாள். நான் கத்தரிக்காய் வாங்கப் போனவன். அவள் சாக்கைப் பிரித்ததும் ஏரித் தண்ணீரின் வாசனை மூக்கில் ஏறியது. அழுகலும் பச்சையும் கலந்த, கோரைவேரும் நத்தையும் சேர்ந்த வாசனை. பாகூர் ஏரியில் இடுப்பு மட்டும் நின்று பொழுது விடிவதைப் பார்த்தவனுக்கு அதை வேறு எதுவென்றும் நினைக்கத் தோன்றாது. பின்னால் வந்த மூட்டைக்காரன், "பெருசு, தூங்குறதுன்னா வூட்ல போய்த் தூங்கு" என்றான். நான் தூங்கவில்லை. உன்னோடு தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்தேன்.

கத்தரிக்காய் வாங்காமலே திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து மருமகளை ஒரு நோட்டு எடுத்துவரச் சொன்னேன். சம்பளச் சீட்டில் ரேகை வைத்தே காலம் தள்ளியவன் நான் என்பது உனக்குத் தெரியும். நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். யாருக்கு மாமா என்று கேட்டாள். தவளக்குப்பத்து ஆளுக்கு என்றேன். அவர் போய் ரெண்டு வருஷம் ஆகுதே என்றாள். அதனால்தான் இப்போது சொல்ல முடிகிறது என்றேன். அவள் பேனாவின் மூடியைத் திறந்தாள்.

வில்லைக் கொண்டுவந்தவன் நீதான். பாகூரில் ஏரிக்கரையை ஒட்டி இருந்த உன் மாமியார் வீட்டுப் பரணில் பழைய வில் ஒன்று கிடந்தது. அதைப் பார்த்து இரண்டு செய்தாய், உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மூங்கிலைப் பிளந்து அனலில் வாட்டி வளைத்தாய். நாணுக்கு மில் பருத்திக் கயிற்றை முறுக்கி மெழுகு தேய்த்தாய். அம்பு நாணல். முனையில் இரும்பு கிடையாது. மில்லில் உடைந்து கழித்துப்போட்ட நூல் பாபினின் தலையை அறுத்துச் செருகியிருந்தாய். கூரான முனை பறவையைத் துளைத்துக்கொண்டு கோரைக்குள் போய்விடும், பறவையும் அதோடு போய்விடும். மொட்டை முனை பட்டால் அது அங்கேயே விழும் என்பாய். யார் அம்பு என்று தெரிய வேண்டும் அல்லவா. வேட்டிக் கரைக்கு ஓடுகிற சாயநூலில் அறுந்த துண்டுகளைப் பொறுக்கி அம்பின் வாலில் சுற்றினோம். உனக்குப் பச்சை, எனக்குச் சிவப்பு.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. அடித்தவன் வீட்டுச் சட்டியில் அவன் அடித்தது வேகக் கூடாது. கூட வந்தவனுக்குக் கொடுத்துவிட வேண்டும். அதனால் உன் பச்சை அம்பு அடித்ததெல்லாம் நெல்லித்தோப்புக்கு வரும், என் சிவப்பு அம்பு அடித்ததெல்லாம் தவளக்குப்பத்துக்குப் போகும். என் வீட்டுக்காரி உன் வீட்டுக்காரியிடம் சொல்வாள், உன் புருஷன் கை நல்லா இருந்தாத்தான் என் வூட்ல கொழம்பு என்று. என் கையை அவள் ஒரு நாளும் கணக்கில் எடுத்ததில்லை. அதற்குக் காரணமும் இருந்தது. பத்துக்கு ஒன்பது உன் அம்புதான் அடிக்கும்.

எப்போது விட வேண்டும் என்று நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "எறங்கும்போது காலை நீட்டும் பாரு, அப்ப அதுக்குக் கண்ணு தண்ணியிலதான் இருக்கும். அப்ப விடு." அந்தக் காலை நீட்டுகிற நேரம் எவ்வளவு? ஒரு கண் இமைப்பு. ஆனால் தண்ணீருக்குள் அசையாமல் நிற்கிறவனுக்கு அது நீண்டுகொண்டே போகும். இறக்கையை மடக்காமல், கழுத்தை நிமிர்த்தி, இரண்டு காலையும் முன்னால் நீட்டிக்கொண்டு, தூங்குகிறவன் கட்டிலில் இருந்து காலைத் தரையில் வைப்பது போல அது இறங்கும். நான் பல தடவை நாணை இழுத்துப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவேன். அதற்குள் அது நீந்தத் தொடங்கியிருக்கும். நீ கோரைக்குப் பின்னால் இருந்து சத்தமில்லாமல் சிரிப்பாய். உன் தோள் குலுங்கித் தண்ணீரில் சின்ன வளையங்கள் என் பக்கம் வரும்.

அந்த வெள்ளிக்கிழமை பஸ் ஓடவில்லை. தவளக்குப்பத்தில் இருந்து உன் சைக்கிள் கேரியரில் உன் வீட்டுக்காரி உட்கார்ந்துகொண்டாள். பாகூரில் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவள். என் சைக்கிளில் இரண்டு வில்லும் சாக்கில் சுற்றிக் கிடந்தன. வழியெல்லாம் போலீஸ். துக்க நாளில் வில்லோடு போகிறோமே என்று எனக்குப் பயம். பறவையை அடித்தால் உள்ளே வைக்கிற சட்டம் வந்துவிட்டது என்று வேறு கேள்விப்பட்டிருந்தேன். நான் பதிலி ஆள். பொங்கலுக்குள் நிரந்தரம் பண்ணுகிற பட்டியலில் என் பெயர் இருப்பதாக மேஸ்திரி சொல்லியிருந்தார். போலீஸ் கேஸ் என்று ஒன்று வந்தால் அந்தப் பட்டியலில் என் பெயர் இருக்காது. இதையெல்லாம் உன்னிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். "சாக்குல சவுக்குக் குச்சின்னு சொல்லுவோம், பேசாம மிதி" என்றாய்.

மழை விட்ட காலை. ஏரி மேல் ஆவி படர்ந்திருந்தது. கரை தெரியவில்லை, பனைமரங்களின் தலை மட்டும் தெரிந்தது. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று பிடிபடவில்லை. நீ இருபது முழம் தள்ளி ஒரு கோரைப் புதரில், நான் இன்னொன்றில். உன் வீட்டுக்காரி கரைமேல் வந்து உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆவி விலகும்போது அவள் தெரிவாள், கூடும்போது மறைந்துபோவாள்.

மழைக்கு வரும் சின்ன வாத்து, கிளுவை. அதன் கூட்டம் முதலில் சத்தமாகத்தான் வந்தது. துணியை உதறுவது போல ஒரு சத்தம் தலைக்கு மேல் சுற்றியது. பிறகு ஆவியைக் கிழித்துக்கொண்டு ஒன்று, அதன் பின்னால் பத்து, இருபது. முதல் கிளுவை காலை நீட்டியது. அன்றைக்கு ஏனோ நான் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. நீ விட்ட அதே நேரத்தில் நானும் விட்டேன். இரண்டு நாணும் ஒரே சத்தமாகத்தான் கேட்டன. கூட்டம் திடுக்கிட்டு மேலே போனது. ஒன்று மட்டும் தண்ணீரில் கிடந்தது.

எனக்குக் கிட்டத்தில் கிடந்ததால் நான்தான் போனேன். நீ, இன்னொன்று அடிபட்டு அந்தப் பக்கம் போயிருக்குமோ என்று பார்க்கப் போனாய். கிளுவை மல்லாந்து மிதந்தது. அதன் கழுத்தை ஒட்டி என் அம்பு மிதந்தது. சிவப்பு நூல். உன் அம்பு அதற்கு அப்பால் இரண்டு மூன்று முழம் தள்ளி அல்லி இலை மேல் கிடந்தது. என் அம்புதான் அடித்திருக்கிறது, அடித்துவிட்டோமே என்று சந்தோஷப்பட்டுக் காலைப் பிடித்துத் தூக்கினேன். காலில் ஒரு வளையம். வெள்ளை உலோகம். அதில் எழுத்து, எண்.

சர்க்கார் பறவை என்று நினைத்தேன். வேறு எதற்கு எண் போடுவார்கள்? வளையத்தைத் திருகிப் பார்த்தேன், வரவில்லை. நீ தண்ணீரைத் தள்ளிக்கொண்டு திரும்பி வருகிற சத்தம் கேட்டது. ஆவியில் உன்னைக் காணோம், சத்தம் மட்டும் வந்தது.

குனிந்து என் அம்பை எடுத்து இரண்டாக உடைத்துக் காலுக்கடியில் சேற்றில் வைத்து மிதித்தேன். பிறகு அந்தக் காலை எடுக்காமலே எட்டி, இன்னொரு முறை குனிந்து உன் அம்பை எடுத்து, பறவையைத் தண்ணீரில் விட்டு அதன் கழுத்தோரம் மிதக்கவிட்டேன். நீ வந்ததும், "பச்சைதான், மச்சான்" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. மருமகள் எழுதுவதை நிறுத்திவிட்டு, மாமா, இதையும் எழுதணுமா என்று கேட்கிறாள். இதைத்தான் எழுதணும் என்றேன்.

நாணலுக்கு மிதக்கிற புத்தி. உடைத்தாலும் மேலே வரப் பார்க்கும். நீ கிளுவையைக் கையில் எடுத்து வளையத்தைத் தடவிக்கொண்டு நின்ற நேரமெல்லாம் என் உள்ளங்காலில் அது முண்டிக்கொண்டிருந்தது. காலை எடுக்க முடியாமல் நின்றேன்.

நீ வளையத்தைப் பார்த்துச் சர்க்கார் என்று நினைக்கவில்லை. உன் அரைஞாண் கயிற்றில் தொங்கிய மில் டோக்கனை எடுத்து அதோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தாய். பித்தளை டோக்கன், நடுவில் உன் எண். "இதுவும் நம்மளாட்டம்தான், மச்சான். எங்கியோ டோக்கன் போட்டு அனுப்பியிருக்கான். வேலைக்கு வந்த எடத்துல அடிச்சுட்டேன்" என்றாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

உனக்கு எங்கே மனம் போயிற்று என்று எனக்குப் புரிந்தது. முந்தின வருஷம் உன் தறிக்குப் பக்கத்துத் தறிக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, அங்கேயே போய்விட்டார். நம் மில்லில் அதற்கு ஒரு முறை உண்டு. ஒருவன் செத்தால், கடைசியாகப் பக்கத்தில் இருந்தவன் அவனுடைய டோக்கனைக் கொண்டுபோய் ஆஜர் போடுகிற டைம் ஆபீஸ் மேஜையில் வைத்துப் பெயரும் எண்ணும் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் அவனுக்கு ஆப்சென்ட் விழுந்துகொண்டே இருக்கும். செத்தவனுக்கு ஆப்சென்ட் விழுவது அவனை ஏசுவது போல என்பது நம் ஆட்களின் எண்ணம். அந்த டோக்கனை நீதான் கொண்டுபோய் வைத்தாய்.

உன் அம்பு அடித்தது என்பதால் கிளுவை என் பங்கு. ஆனால் அதைச் சமைக்க நீ விடவில்லை. உன் மாமியார் மிளகாயும் மல்லியும் அரைத்து வைத்திருந்தார். இந்தக் கூத்தைக் கேட்டு, "அரைச்சதை உன் தலையில பூசிக்கவா, மாப்பிள்ள?" என்றார். அந்த மசாலாவில் கத்தரிக்காயும் கருவாடும் வெந்தது. நீ கரையில் பனையடியில் குழி தோண்டி, வளையத்தைக் காலோடு வெட்டி எடுக்க மனம் வராமல், என் சைக்கிள் பையில் கிடந்த அரத்தால் அரை மணி நேரம் ராவி எடுத்து, பிறகு கிளுவையைப் புதைத்தாய். உன் வீட்டுக்காரி மண்ணைத் தள்ளிக் கொடுத்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மில் திறந்த அன்று சாயங்காலம் யூனியன் ஆபீசுக்குப் போனோம். அங்கே இருந்தது கண்ணாடி அண்ணன். நம் செயலாளர், எழுதப் படிக்க அவரைத்தான் எல்லோரும் தேடுவார்கள். வளையத்தை விளக்கடியில் வைத்து எழுத்துக் கூட்டினார். "மாஸ்க்வா" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் படித்தார். "அடப்பாவிங்களா. போயும் போயும் மாஸ்கோக்காரனையா அடிச்சீங்க? வேற எந்த ஊரு பறவையும் கெடைக்கலியா உங்களுக்கு?"

சிவப்புக் கொடி சுவரில் மாட்டியிருந்த அறை அது. பெஞ்சில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தோழருக்கு இரங்கல் கூட்டம் போடணும் என்றார் ஒருவர். பாஸ்போர்ட்டைப் பார்த்துட்டு அடிச்சிருக்கக் கூடாதா என்றார் இன்னொருவர். கண்ணாடி அண்ணன்தான் உன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். படித்தவர்கள் பறவையைப் பிடித்து இப்படி வளையம் மாட்டி விடுவார்கள், அது எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளத்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று விளக்கினார்.

"அப்போ அங்க ஒரு டைம் ஆபீஸ் இருக்குல்ல, அண்ணே" என்றாய் நீ.

"அப்படித்தான் வச்சுக்கோயேன்."

"எழுதிப் போடுங்க."

மெட்ராசில் ரஷ்யாக்காரர்களின் ஆபீஸ் ஒன்று இருக்கிறது, அங்கே அனுப்பினால் சேர்த்துவிடுவார்கள் என்றார். நீ சொல்லச் சொல்ல அவர் இங்கிலீஷில் எழுதினார். நீ சொன்னது இவ்வளவுதான்: "நம்பர் வளையத்துல இருக்கு. அது இனிமே வராது. ஆப்சென்ட் போட வேணாம். அடிச்சது நான்." கீழே உன் பெயரை எழுதினாய். நீ பெயர் மட்டும் எழுதக் கற்றிருந்தாய். ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதி முடிக்கும்வரை நான் உன் தோளுக்குப் பின்னால் நின்றேன். சொல்லிவிட அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. போலீஸ் இல்லை, கேஸ் இல்லை என்று கண்ணாடி அண்ணனே சொல்லிவிட்டார். ஆனால் அப்போது பயம் போய்விட்டிருந்தது. அந்த இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்துவிட்டது. பயத்தைவிட அது கனம்.

பொங்கலுக்கு முன்னால் நான் நிரந்தரம் ஆனேன். நீதான் முதலில் வந்து கட்டிப்பிடித்தாய்.

அதன் பிறகு நீ வில்லைத் தொடவில்லை. உன் வீட்டுக் கொல்லையில் அவரைக்கொடி ஏற அதை நட்டு வைத்தாய். நான் மட்டும் தனியாக எங்கே போவது? என் வில்லும் மூலைக்குப் போய்விட்டது. ஆனால் ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் கரைக்குப் போவதை மட்டும் நீ விடவில்லை. வெறுங்கையோடு போவோம். கிளுவைகள் இறங்குவதைப் பார்ப்போம். காலை நீட்டி, தண்ணீரைக் கீறிக்கொண்டு, ஒவ்வொன்றாக. அவ்வளவு தூரம் வந்த களைப்பு எதுவும் அவற்றின் முகத்தில் இருக்காது. நீ கூட்டத்தைக் கண்ணால் துழாவிவிட்டு, மெல்லமாக, "ஒரு ஆளு கம்மி" என்பாய். வருஷா வருஷம் அதே சொல்தான். உனக்குச் சொல்லிக்கொள்வது போலத்தான் சொல்வாய். என் உள்ளங்காலில் நாணல் முண்டும்.

மறுவருஷம் ஒரு கார்டு வந்தது. ரஷ்ய எழுத்து, அதன் கீழே இன்னொரு எழுத்து. கண்ணாடி அண்ணன் அது பிரெஞ்சு என்று கண்டுபிடித்தார், படிக்கத் தெரியவில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவர் என் தெருக் கோடியில் இருந்தார். அவரிடம் கொண்டுபோனோம். குளித்துவிட்டு வந்து சட்டை போட்டுக்கொண்டுதான் கார்டைக் கையில் வாங்கினார், அந்தக் காலத்து மரியாதை. பனி உருகும் ஏதோ ஒரு ஏரியில், குஞ்சாக இருந்தபோது மாட்டிய வளையமாம். மூன்று தரம் இந்தப் பக்கம் வந்து போயிருக்க வேண்டுமாம். கடைசி வரியில் உன் பெயர். அதற்கு முன்னால் நன்றிக்கு ஒரு சொல். அதைப் புதுச்சேரியில் யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

"மெர்சின்னு போட்டிருக்கு" என்றார் சொல்தா.

"கொன்னேன்னு எழுதினேனே ஐயா. அதைப் படிக்கலியா அவங்க?"

"படிச்சிருப்பாங்க. கொன்னதுக்கா மெர்சி? சொன்னதுக்குப்பா."

நீ கார்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். நான் வாசலுக்கு வந்து செருப்பைத் தேடினேன். செருப்பு காலில்தான் இருந்தது.

அந்தக் கார்டை உன் வீட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டினாய். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவாய். என் வீட்டில் மாட்டியிருக்க வேண்டிய கார்டு என்று நான் நினைத்ததில்லை. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் கடிதமே போயிருக்காது, கார்டே வந்திருக்காது. என் கையில் கிடைத்திருந்தால் அந்த வளையம் ஏரிச் சேற்றுக்குள் போயிருக்கும். இதை ஒரு சமாதானமாகச் சில வருஷம் வைத்திருந்தேன். பிறகு அதுவும் செல்லாமல் போயிற்று.

ஒரு தடவை வாய் திறந்தேன். மில் மூடி, நீ தவளக்குப்பத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த சமயம். அரியாங்குப்பம் பாலத்தின் மேல் இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். கீழே ஆறு கடல் தண்ணீர் ஏறிப் பளபளவென்று கிடந்தது. "அந்தக் கிளுவை விஷயம், மச்சான். அன்னிக்கு அந்த அம்பு..." என்று ஆரம்பித்தேன்.

நீ என் ஹேண்டில் பாரில் கை வைத்து நிறுத்தினாய். "விடு. என்னாலதான் நீயும் வில்லை விட்ட. என் பாவத்துல உனக்குப் பங்கு கெடையாது" என்றாய். பிறகு பாலம் முடியும்வரை டயர் விலையைப் பற்றிப் பேசினாய். நான் கேட்டுக்கொண்டே வந்தேன். அன்றைக்கு உன் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

நீ படுத்தது ஆடியில், போனது ஐப்பசியில். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தேன். பந்தலில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு உன் வீட்டுக்காரி என்னைக் கூப்பிட்டு, அந்தக் கார்டுக்குக் கீழே உட்கார வைத்தாள். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேண்ணே. அன்னிக்கு ஏரியில ஒரு பறவையை எடுக்க ரெண்டு வாட்டி குனிஞ்சீங்களே, எதுக்கு?"

கோபமாகக் கேட்கவில்லை. கீரை விலை கேட்பது போலக் கேட்டாள். கரைமேல் அவள் உட்கார்ந்திருந்தது, ஆவி விலகுவதும் கூடுவதுமாக இருந்தது, எல்லாம் ஒரே சமயத்தில் எனக்குள் திரும்பி வந்தது. எந்த நேரத்தில் விலகியிருந்தது? அவளுக்கு எவ்வளவு தெரிந்தது? கண்ணை மறைத்த ஆவியை நான் துணை என்று நினைத்திருந்தேன். பஸ்ஸுக்கு நேரமாகுதும்மா என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். என் வயசுக்கு அது என்ன பதில்?

அதிலிருந்து அந்தக் காலை எனக்கு வேறு மாதிரியாக வருகிறது. தூக்கத்திலும் வரும், விழித்து உட்கார்ந்திருக்கும்போதும் வரும். முன்பெல்லாம் நான் இருக்கும் இடத்தில் இருந்துதான் ஏரியைப் பார்ப்பேன். இப்போது கரையில் இருந்து பார்க்கிறேன். ஆவிக்குள் ஒருவன் குனிகிறான், நிமிர்கிறான், மறுபடி குனிகிறான். அவன் காலடியில் தண்ணீர் கலங்குகிறது. தொலைவில் இன்னொருவன் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வருகிறான், அவன் முகம் மட்டும் தெரிவதில்லை. கரையில் இருக்கிறவளுக்கு அந்த முகமும் தெரிந்திருக்கும்.

அவள் அன்றைக்குப் பார்த்ததை உன்னிடம் சொல்லாமல் இருந்திருப்பாளா? உன்னிடம் அவள் மறைத்தது என்று எதுவும் இருந்ததாக நான் அறியவில்லை. அப்படியானால் யூனியன் ஆபீசில் "அடிச்சது நான்" என்று சொன்னபோது உனக்குத் தெரியுமா? பாலத்தின் மேல் என் ஹேண்டிலைப் பிடித்து நிறுத்தியபோது? பதிலியாக இருக்கிறான், பிள்ளைக்குப் பல் முளைக்கிறது, போகட்டும் என்று எடுத்துக்கொண்டாயா? இல்லை, ஒன்றும் தெரியாமல், உன் அம்பு என்றே நம்பி அத்தனை ஐப்பசியிலும் கரையில் நின்று மன்னிப்புக் கேட்டாயா? தெரிந்து சுமந்தாய் என்றால் நான் உன் முன்னால் சின்னவன். தெரியாமல் சுமந்தாய் என்றால் நான் உன்னைக் கொள்ளையடித்தவன். இந்த இரண்டில் எது நான் என்று தெரியாமல்தான் இத்தனை நாள் சோறு தின்கிறேன்.

மருமகளிடம் இந்த நோட்டை மடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். நாளைக்குக் காலையில் தவளக்குப்பத்துக்கு பஸ் ஏறுவோம், அவள்தான் உன் வீட்டுக்காரிக்குப் படித்துக் காட்ட வேண்டும், எனக்கு வாசிக்கத் தெரியாதே. படித்து முடிக்கும்வரை நான் எழுந்து ஓடமாட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லமாட்டேன். அப்புறம் என் முறை, நான் கேட்க வேண்டியதைக் கேட்பேன்.

வேறு யாரிடம் போய்க் கேட்பது, மச்சான்? மிளகாய் அரைத்து வைத்துக்கொண்டு ஏசின உன் மாமியார் எப்போதோ போய்விட்டார். கண்ணாடி அண்ணன் போய்விட்டார், பெஞ்சில் சிரித்தவர்களும் ஒவ்வொருவராய்ப் போனார்கள். சொல்தா போனபோது பிரெஞ்சுக் கொடி போர்த்தினார்கள், நீயும் நானும்தான் ஒரு முனையைப் பிடித்தோம். என் வீட்டுக்காரி போய் ஆறு வருஷம். நீ போய் இரண்டு. அன்றைக்கு அந்த ஏரியைப் பார்த்த கண்ணில் என்னுடையதைத் தவிர மூடாமல் இருப்பது உன் வீட்டுக்காரியின் கண் ஒன்றுதான். இத்தனை வருஷத்தில் அம்மா என்றும் தங்கச்சி என்றும் கூப்பிட்டிருக்கிறேன், பெயர் சொன்னதில்லை. இந்த மடலை யாருக்குப் படிக்க வேண்டும் என்று மேலே எழுதணுமே மாமா, பெயர் என்ன என்று மருமகள் கேட்கிறாள்.

அஞ்சலை.